அடுத்தவர் நிலத்துச் சீமைக் கருவேலம்: வெட்டிப் பாதி கொடுத்தால் கட்டுபடியாகுமா?

செம்மண்காட்டான்
பள்ளத்தூர் தாண்டி இரண்டு ஏக்கர் தரிசு, முழுக்கச் சீமைக் கருவேலம். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். "வெட்டிக்கொள், பாதி விறகு எனக்கு" என்கிறார். வரும் தையில் ஊர் வீட்டில் அவர் மகனுக்குக் கல்யாணம், சமையல் விறகடுப்பில்தான். அவர் பங்கைக் காயவைத்து வீட்டுப் பின்கட்டில் அடுக்கித் தரவேண்டுமாம். வெட்டுக்கூலி, வண்டிவாடகை இரண்டும் என் தலையில். என் பங்கைக் காரைக்குடியில் புரோட்டாக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று கணக்கு. ஒத்துக்கொள்ளலாமா?

ரஸ்தாக்காரன்
வேண்டாம் தம்பி. அந்த மரத்தை அவர் நட்டாரா, தண்ணீர் ஊற்றினாரா? ஆடு நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடத்தில் முளைத்தது. அதை எடுக்க ஜேசிபி பிடித்தால் மணிக்கணக்கில் வாடகை அவர்தான் கொடுக்கவேண்டும். நீங்கள் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு சும்மா சுத்தம் செய்து தருகிறீர்கள், அதற்கு மேல் பாதி விறகுமா? நியாயப்படி அவர்தான் உங்களுக்குக் கூலி தரவேண்டும்.

மூட்டக்காரன்
ரஸ்தா அண்ணே, இந்தப் பேச்சை எங்கள் தொழிலில் யாரிடமும் பேசிவிடாதீர்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள், அதாவது விறகை மூடி எரித்துக் கரியாக்குகிறவர்கள், இதே மரத்தை நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்துத்தான் எடுக்கிறோம். மூன்று நான்கு வருஷத்தில் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கும், திரும்பப் பணம் கொடுப்போம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மழை ஏமாற்றிய வருஷங்களில் எத்தனையோ குடும்பத்துக்கு இந்தப் பணம்தான் வந்தது. நட்டாரா ஊற்றினாரா என்றால், அவர் நிலத்தில் தானாக முளைத்த பனைமரம் யாருக்கு?

செம்மண் தம்பிக்கு: கையில் முதல் இல்லாமல் மரம் கிடைக்கிறது. பாதி பரவாயில்லை.

ரஸ்தாக்காரன்
நீங்கள் கரி போட்டு மூட்டையாக்கி வெளியூர் அனுப்புகிறவர், அந்த விலை வேறு. தம்பி பச்சை விறகை உள்ளூரில் விற்கப்போகிறார்.

மூட்டக்காரன்
ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகை எரிக்கிறோம். எங்களுக்கு மட்டும் மடியில் வந்து கொட்டுகிறது என்று நினைக்காதீர்கள்.

பின்கட்டு ஆச்சி
இரண்டு பேரும் பங்கையே பேசுகிறீர்கள். பாதி எந்த இடத்தில் வைத்துப் பிரிக்கிற பாதி என்று யாரும் கேட்கவில்லை. வெட்டின இடத்திலேயே ஆளுக்கொரு குவியல் என்றால் அது பாதி. காயவைத்து, வண்டியேற்றி, பின்கட்டில் அடுக்கித் தருவதென்றால் அது பாதியே இல்லை.

எடையையும் பாருங்கள். பச்சை மரத்தில் சரிபாதி ஈரம் என்று வைத்தால், நூறு கிலோவில் கட்டை ஐம்பதுதான். ஈரம் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்வரை காய்ந்தபின் தராசில் அறுபத்திரண்டரை கிலோ நிற்கும். தம்பி தன் பங்கைப் பச்சையாக நிறுத்து எடுத்துக்கொண்டு அவருக்கு அதே எடைக்குக் காய்ந்ததாகத் தருவதாக ஒத்துக்கொண்டால், கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள்.

கல்யாணச் சமையலைப் பார்த்தவள் என்பதால் இன்னொன்று. ஈர விறகை அடுப்பில் வைத்தால் சமையல்காரர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாரையும் ஏசுவார்கள். தைக் கல்யாணத்துக்கு விறகு வேண்டுமென்றால் பங்குனியிலாவது வெட்டி, கத்தரி வெயிலில் காயப்போட்டு, ஐப்பசி மழைக்குமுன் கூரைக்குள் ஏற்றிவிடவேண்டும். அத்தனை மாதமும் அந்த விறகுக்கு யார் காவல்? அதுவும் தம்பி தலையிலா?

செம்மண்காட்டான்
ஆச்சி, காவல் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்மாய்க்கரை
காவல் கிடக்கட்டும், பட்டா யார் பேரில் என்று கேட்டீர்களா? நம் பக்கம் பாதி நிலம் கூட்டுப் பட்டா. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவர் இங்கேயே. சென்னைக்காரர் போனில் "வெட்டிக்கொள்" என்பார், நீங்கள் மெஷினை ஸ்டார்ட் செய்ததும் உள்ளூர்ப் பங்காளி வந்து "யாரைக் கேட்டு வெட்டுகிறாய்" என்பார். அவர்களுக்குள் வீட்டு மராமத்துச் செலவில் இருக்கிற பழைய மனத்தாங்கலெல்லாம் உங்கள் விறகின் மேல்தான் இறங்கும்.

நிற்கிற மரம் நிலத்தோடு சேர்ந்தது. வெட்டிப் பிரித்த நிமிஷமே அது திருட்டுப்போகக்கூடிய பொருள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுமதி இருக்கிறது என்று உண்மையாக நம்பி எடுத்தால் திருட்டாகாது, சரி. ஆனால் அந்த நம்பிக்கையை ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கப்போவது நீங்கள், சென்னைக்காரர் இல்லை. பட்டாவில் பேர் உள்ள எல்லாரிடமும் கையெழுத்து, வெளிநாட்டில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில். அப்புறம் எல்லைக்கல். கருவேலம் கல்லைப் பார்த்து நிற்காது, கண்மாய்ப் புறம்போக்கிலும் சேர்ந்துதான் வளரும். அந்தப் பக்கத்து மரத்துக்கு நிலத்துக்காரர் அனுமதி தர முடியாது.

மூட்டக்காரன்
இவ்வளவு பயந்தால் ஒரு கொப்புகூட வெட்ட முடியாது. எங்கள் ஊரில் வாய்ச்சொல்லில்தான் எல்லாம் நடக்கிறது.

கண்மாய்க்கரை
உங்களை ஊருக்கே தெரியும், அதனால் நடக்கிறது. தம்பி புதுசு.

ரஸ்தாக்காரன்
தூரைப் பற்றியும் பேசிவிடுங்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது பல இடத்தில் தரைமட்டமாக வெட்டிவிட்டுப் போனார்கள், தூர் துளிர்த்துத் திரும்பவும் காடு. நாளைக்கு அவர் வந்து பார்த்து "சுத்தம் செய்யவே இல்லையே" என்பார். நான் இன்னும் சொல்கிறேன், பாதி அநியாயம். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் காட்டிலேயே.

மூட்டக்காரன்
தூரைத் தோண்டச் சொன்னால் எனக்கு நஷ்டம், அடுத்த வெட்டுக்கு மரம் இருக்காதே. (சிரிக்காதீர்கள்.) ஆனால் தூர்க்கட்டைக்கும் மூட்டத்தில் நல்ல கரி விழும். அவர் தோண்டச் சொன்னால் தூர் முழுக்க வெட்டுகிறவனுக்கு என்று பேசிக்கொள்ளலாம்.

செம்மண்காட்டான்
இன்று அவரிடம் பேசினேன். பாதிக்குச் சம்மதம், ஆனால் காட்டிலேயே குவியலாகப் பிரித்துக்கொள்வோம், வண்டியும் காவலும் உங்களுடையது என்றேன். கொஞ்சம் முனகிவிட்டு, வண்டிவாடகை மட்டும் தருவதாகவும் அடுக்குகிற வேலை என்னுடையது என்றும் சொன்னார். தூருக்கு "இப்போது வேண்டாம்" என்றார். பட்டாவைக் கேட்டேன். அவருடைய தம்பி பேரும் சேர்ந்திருக்கிறதாம், கேட்டுச் சொல்கிறாராம்.

கண்மாய்க்கரை
அந்தத் தம்பி எங்கே இருக்கிறார்?

செம்மண்காட்டான்
கோட்டையூரில்.

ரஸ்தாக்காரன்
பக்கத்து ஊர்தானே. சென்னைக்குப் போன் போட்டதற்குப் பதில் அங்கே ஒரு நடை போயிருக்கலாம்.

பின்கட்டு ஆச்சி
கல்யாண வீட்டுச் சித்தப்பா அவர். "அண்ணன் மகன் கல்யாணத்துக்கு விறகு" என்று சொல்லிக்கொண்டே போங்கள், மறுக்கமாட்டார். எதற்கும் கையெழுத்து வாங்குகிற பேப்பரை எடுத்துக்கொண்டு போங்கள்.