சித்தப்பாவின் ஆபா கேசட்டுகள்: எதை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?

போச்சம்பள்ளி_பாலு கேட்டது:

வணக்கம். சித்தப்பா 1979-லிருந்து ஸ்வீடனின் ஆபா இசைக்குழுவின் ரசிகர். இன்றைக்கும் காலையில் அவர் வீட்டில் சுப்ரபாதம் முடிந்ததும் அடுத்து ஆபாதான். கிருஷ்ணகிரி வீட்டுப் பரணில் சுமார் 120 கேசட் இருக்கிறது. மூன்று வகை:

கடையில் வாங்கிய ஆல்பங்கள். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கலவைக் கேசட்டுகள். டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) ரேடியோவிலிருந்து அவரே பிடித்தவை.

இப்போது பிரச்சினை: சில கேசட் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது மாதிரி மங்கலாகக் கேட்கிறது. சில கீச்சிடுகிறது. நாலைந்தில் டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி. ரேடியோ கேசட் ஒன்றில் பாட்டு போகப் போக வேகமாகிறது. ஆன்லைனில் வாங்கிய யூ.எஸ்.பி. கேசட் பிளேயரில் போட்டால் எல்லாமே தகர டப்பா சத்தம். முறையாகச் செய்ய என்ன வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

தகடூர்_டேப்:

பாலு, முதலில் அந்த யூ.எஸ்.பி. பிளேயரை ஓரம் வையுங்க. பெரும்பாலும் அவற்றில் மோட்டார் வேகம் நிலையாக இருக்காது, டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) கிடையாது, பலதில் மோனோதான். வீட்டில் வைக்கும் பழைய கேசட் டெக் ஒன்று, அதன் லைன்-அவுட்டிலிருந்து ஒரு சாதாரண யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் சின்னப் பெட்டி) லைன்-இன், அங்கிருந்து லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். இவ்வளவே போதும். மைக் துளையில் செருகாதீங்க, சத்தம் உடைந்து வரும்.

எதை முதலில் என்ற கேள்விக்கு என் பதில்: கடை ஆல்பங்களைக் கடைசியில் வையுங்க. 1973 முதல் 1981 வரை வந்த எட்டு ஆல்பமும், 2021 நவம்பரில் வந்த ‘வொயேஜ்’ ஆல்பமும் சுத்தமான டிஜிட்டல் வடிவில் கிடைக்கின்றன. 1981-இன் ‘தி விசிட்டர்ஸ்’ ஆல்பத்தின் மூலப் பதிவே பெரும்பாலும் டிஜிட்டல். ஜெர்மனியின் லாங்கன்ஹாகன் ஆலையில் 1982 ஆகஸ்ட் 17 அன்று சி.டி. உற்பத்தி தொடங்கியபோது அச்சானதும் அதுதான். அதைப் போய்ப் பரணில் வெந்த கேசட்டிலிருந்து எடுப்பது வீண் வேலை.

ரேடியோ கேசட்டுகள்தான் முதல். அறிவிப்பாளர் குரல், நேயர் பெயர் வாசிப்பு, அலைவரிசை இரைச்சல் எல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. 1982-க்கும் 2021-க்கும் நடுவே அவர்கள் புது ஆல்பமே போடவில்லை. அந்த இடைவெளியில் ரசிகர்கள் பிடித்து வைத்த ரேடியோ, டி.வி. ஒலிதான் அவர்களுடைய சொந்தச் சொத்து. ரெக்கார்டிங் சென்டர் கேசட் அடுத்தது. அதில் ஒலியைவிடப் பாட்டு வரிசைதான் முக்கியம், அது சித்தப்பா தேர்ந்தது.

இனி கேசட் ஒவ்வொன்றாக:

வெள்ளைப் பொடி என்றால் பூஞ்சை. நல்ல டெக்கில் போடவே போடாதீங்க, ஹெட்டிலிருந்து (டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் பாகம்) மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். அவற்றைத் தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்க. பிறகு முகக்கவசம் போட்டு, தூக்கி எறியப் போகும் பழைய பிளேயர் ஒன்றில், டேப் பாதையில் பஞ்சில்லாத துணியை லேசாகப் பிடித்து முழுவதும் ஒருமுறை ஓட்டி எடுக்கலாம். நல்ல டெக்குக்கு அதன் பிறகுதான்.

கீச்சிடுவது: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழுசாக ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் போட்டுப் பாருங்க. பல வருஷம் அசையாமல் இருந்தால் சுற்று இறுகிவிடும். அப்படியும் கத்தினால் கூடுதான் காரணம். ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட் கூட்டைத் திறந்து டேப்பை அதற்கு மாற்றுங்க. கூட்டின் நடுவே ஹெட்டுக்கு எதிரில் இருக்கும் ஸ்பிரிங் பேடு விழுந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்க. அது இல்லாவிட்டால் சத்தம் மங்கி, வந்து வந்து போகும்.

டேப் அறுந்தால் செல்லோ டேப் வேண்டாம். பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும். 3.81 மி.மீ. டேப்புக்கென்று வரும் ஸ்ப்ளைசிங் டேப் (அறுந்த டேப்பை இணைக்கும் தனி ஒட்டு நாடா) மட்டும்தான்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும், தொடாதீங்க. ஹெட்டும் டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் கம்பியும் பழுப்பு நிறம் வராத வரை துடைக்கணும். ரப்பர் உருளைக்கு மட்டும் ஈரத்துணி.

போச்சம்பள்ளி_பாலு:

நன்றிங்க அண்ணா. மங்கல் சத்தம் கேசட்டுக்குக் கேசட் மாறுகிறதே, அதற்கும் பேடுதானா? டெக்கும் ஒன்று பார்க்கணும், சுற்று வட்டாரத்தில் எங்கே கிடைக்கும்?

ஓசூர்_ஹெட்க்ளீனர்:

பேடு நன்றாக இருந்தும் மங்கினால் அசிமுத். பதிந்த மெஷினின் ஹெட் நின்ற கோணமும் உங்க டெக்கின் ஹெட் நிற்கும் கோணமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கேசட் ஓடும்போதே, ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகை மட்டும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்க. ஆடாசிட்டியில் மோனோவாக வைத்துக் கேளுங்க. கோணம் தப்பினால் இரு சேனலின் மேல்சுருதி ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும், சரியானால் ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் தாளத் தட்டு) சட்டென்று தெளியும். தொடங்கும் முன் திருகின் நிலையை மார்க்கரால் குறித்து வையுங்க. ரெக்கார்டிங் சென்டர் கேசட் என்றால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டி வரும். சலிப்பான வேலைதான், ஆனால் மென்பொருள் ஈக்வலைசரால் இதை ஈடுகட்ட முடியாது. டேப்பிலிருந்து ஹெட் எடுக்காத ஒலியை எதுவும் கொண்டுவராது.

டெக்குக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போங்க, கிருஷ்ணகிரியிலிருந்து 90 கி.மீ. போலத்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையிலும் கிடைக்கும். வாங்கும் முன் பெல்ட்டைப் பாருங்க. பழையது கறுப்புத் தார் மாதிரி உருகியிருக்கும். புதுசு வாங்க, பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் குறைவான சுற்றளவு கேளுங்க. இறுக்கம் அதிகமானால் மோட்டார் திணறும், தளர்ந்தால் குரல் அலையும்.

டால்பி: சித்தப்பா டூ-இன்-ஒன்னில் பிடித்ததற்கு அணைத்தே வையுங்க. போட்டால் இரைச்சலோடு பாட்டும் மங்கும். அட்டையில் இரட்டை டி குறி உள்ள கடை கேசட்டுக்கு மட்டும் டால்பி பி.

தகடூர்_டேப்:

ஹெட்க்ளீனர் சொன்னதோடு வேகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்க. ‘போகப் போக வேகமாகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அது பேட்டரியில் ஓடும்போது பதிந்தது. பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக நகர்ந்திருக்கும். அதை முறையான வேகத்தில், அதாவது நொடிக்கு 4.76 செ.மீ., ஓட்டினால் பாட்டு ஏறிக்கொண்டே போகும். முழுக் கேசட்டுக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. பாட்டுப் பாட்டாக வெட்டித் தனித்தனியாகச் சரிசெய்யணும்.

அளவெடுக்க ஆபா ரசிகருக்கு ஒரு வசதி, சரியான மூலம் கையில் இருக்கிறது. சி.டி. பாட்டில் தொடக்கத்தில் ஒரு டிரம் அடி, முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு டிரம் அடி, இரண்டுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பாருங்க. கேசட்டிலும் அதே இரண்டு அடிகள். முழு நீளத்தை ஒப்பிடாதீங்க, ரேடியோவில் தலையும் வாலும் வெட்டியிருப்பார்கள். சி.டி.யில் 180, கேசட்டில் 175.5 என்றால் இரண்டரை சதவீத வேகம், ஏறக்குறைய அரை செமிடோனுக்குப் பக்கம் (செமிடோன் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் சுருதி இடைவெளி). காதுக்குத் தெரியும். வேகம், சுருதி இரண்டும் சேர்ந்து மாறும் எஃபெக்டில் மைனஸ் 2.5 கொடுங்க. டெம்போ மட்டும் மாற்றும் எஃபெக்ட் இதற்கு உதவாது.

இன்னொன்று. டேப்பில் பதிந்த கரண்டு இரைச்சலை 50 ஹெர்ட்ஸ் என்று வைத்து வேகம் திருத்தச் சொல்லும் வெளிநாட்டு வழிகாட்டிகள் உண்டு. நம் ஊர்ப் பழைய பதிவுக்கு அதை நம்பாதீங்க. அந்தக் காலத்தில் மின்சார அலைவெண் 50-ஐ விட்டு நன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

ராயக்கோட்டை_ஸ்டீரியோ:

பதிவு அளவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 60 நிமிடக் கேசட் சுமார் 1 ஜி.பி. வரும், ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்) ஆக்கினால் அதில் பாதிக்குச் சற்று மேல். எம்.பி.3 சித்தப்பாவின் போனுக்கு மட்டும். இரைச்சல் நீக்கும் எஃபெக்டை மூலக் கோப்பில் போடாதீங்க, தனி நகலில் போடுங்க. ஆபாவின் பாடகிகள் ஆக்னேத்தாவும் ஃப்ரிடாவும் சேர்ந்து பாடும் மேல்குரலைத்தான் அது முதலில் தின்னும்.

இன்வெர்ட்டர் கரண்டில் பதியாதீங்க, ரீங்காரம் கேட்கும். லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்க.

90 நிமிடக் கேசட்டின் டேப் 60-ஐவிட மெல்லியது, 120 அதைவிட மோசம். அவற்றில் வேகமாக முன்னே பின்னே ஓட்டி விளையாட வேண்டாம்.

யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்க, பாட்டை அடையாளம் கண்டு உரிமை கோரிவிடுவார்கள். வீட்டில் கேட்க வைத்துக்கொள்வது வேறு.

போச்சம்பள்ளி_பாலு:

ரேடியோ கேசட்டிலிருந்தே தொடங்குகிறேங்க. அட்டையில் சித்தப்பா பென்சிலில் எழுதிய பட்டியல் அழிந்து வருகிறது, அதையும் ஏதாவது செய்யணுமா?

தகடூர்_டேப்:

கட்டாயம். டேப்பைத் தொடும் முன்னாலேயே 600 டி.பி.ஐ.-யில் கலரில் ஸ்கேன் பண்ணுங்க. கறுப்பு-வெள்ளையில் பென்சில் மறைந்துவிடும். கேசட்டில் ஒரு எண், ஸ்கேனில் அதே எண், ஆடியோ கோப்பில் அதே எண்ணோடு ஏ அல்லது பி பக்கம். எந்த நிலையம், எந்த வருஷம் என்று சித்தப்பாவிடம் கேட்டு எழுதி வாங்குங்க. பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினால் அறிவிப்பாளர் குரலை வைத்தே சொல்லிவிடுவார். வேலை முடிந்த கேசட்டை மறுபடி பரணில் ஏற்றாதீங்க. சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் கூடே வளையும். கீழ் அறை அலமாரியில் செங்குத்தாக, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி.