புதுப்பிப்பு: அந்தக் கூத்து ஒப்படை

போன கிழமை கேட்டிருந்தேனே, முதலாம் வருட மாணவியின் ஒப்படையில் டர்னிட்டின் (மற்ற மூலங்களோடு ஒத்த எழுத்தைத் தேடும் மென்பொருள்) 38 வீதம் ஒற்றுமை காட்டுகிறது, ஒழுக்காற்று விசாரணைக்கு அனுப்புவதா என்று. அனுப்பவில்லை.

அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் உசாத்துணைப் பட்டியலும் முறையாகக் காட்டிய மேற்கோள்களும்தான். அந்த வீதம் ஒத்துப்போகும் சொற்களை எண்ணுகிறது, களவை அல்ல. ஆனால் இரண்டு பந்திகள் உண்மையிலேயே பிழை.

கூப்பிட்டு, "இதை எப்படி எழுதினீங்க பிள்ள?" என்று மட்டும் கேட்டேன். கொப்பியை விரித்தாள். கூத்தின் ஒரு வகையான வடமோடி ஆட்டம் பற்றி நீலப் பேனையில் ஒரு பக்கம், ஒரு நூலிலிருந்து அப்படியே இறக்கியது. பக்க எண் இல்லை, மேற்கோள் குறி இல்லை.

"பிறகு பார்க்கக்குள்ள என்ட எழுத்து எண்டே நினைச்சிட்டன் மிஸ்."

எனக்கு மனம் கனத்துப் போனது. குறிப்பெடுக்க நாங்கள் எப்போது சொல்லிக் கொடுத்தோம்?

மூலத்தை மூடிவைத்து அந்தப் பந்திகளைத் திரும்ப எழுதச் சொன்னேன். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் விடிய விடிய தான் பார்த்த கூத்தோடு எழுதி வந்தாள். காசு கொடுத்து எழுதுவித்த ஒப்படை என்றால் கட்டாயம் துறைத்தலைவரிடம் போயிருப்பேன். அது வேறு விஷயம்.

அடுத்த பருவத்தின் முதல் வகுப்பே குறிப்பெடுப்பதுதான்.