ஹூஸ்கர் டூவைக் கலைத்தது கம்பெனியா, அவர்களேதானா?

பழையதட்டு:
நேற்று ஒருவர் "பெரிய கம்பெனிக்குப் போனதும் செத்துப்போன குழு" என்று ஹூஸ்கர் டூவை ஒற்றை வரியில் முடித்துவிட்டுப் போயிருந்தார். எனக்கும் அதே கருத்துதான். ஒற்றை வரியில் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1979இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தொடங்கிய மூவர் ராக் குழு. கிட்டார் பாப் மோல்ட், டிரம்ஸ் கிராண்ட் ஹார்ட், பேஸ் கிரெக் நார்ட்டன். பெயர் ஒரு பலகை விளையாட்டிலிருந்து எடுத்தது. டேனிஷ் மொழியில் 'நினைவிருக்கிறதா' என்று அர்த்தம். மோல்டும் ஹார்ட்டும் தனித்தனியாகப் பாட்டு எழுதுவார்கள், எழுதியவரே பாடுவார். 1982இல் வந்த முதல் ஆல்பம் கிளப்பில் நேரடியாகப் பதிந்தது. 17 பாட்டு, அரை மணிக்குள் முடிந்துவிடும். மூச்சு விடக்கூட இடமில்லாத வேகம்.

அப்புறம்தான் 1984 ஜூலையில் ஜென் ஆர்கேட். இரட்டைத் தட்டு, 23 பாட்டு. கலிஃபோர்னியாவில் ரெடோண்டோ பீச்சில் 3,200 டாலருக்குள் பதிந்து முடித்தார்கள், ஏறக்குறைய எல்லாமே முதல் டேக். வேகத்துக்காக மட்டும் வந்த ஹார்ட்கோர் (அதிவேக பங்க் ராக்) கூட்டத்துக்கு நடுவில் பியானோ, அகூஸ்டிக் கிட்டார், கடைசியில் 14 நிமிடத்துக்குச் சற்றே குறைந்த, பாட்டே இல்லாத ஒரு வாசிப்பு. 1985 ஜனவரியில் நியூ டே ரைசிங், அதே செப்டம்பரில் ஃப்ளிப் யுவர் விக். இந்த மூன்றும் எஸ்.எஸ்.டி என்ற சின்ன லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) வந்தவை.

1986இல் வார்னர் பிரதர்ஸுக்காக கேண்டி ஆப்பிள் கிரே. 1987 ஜனவரியில் வேர்ஹவுஸ். 1988 ஜனவரியில் குழுவே இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேசட்_காலம்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அண்ணே, வேறென்ன.

வார்னர் அவர்களை என்ன செய்தது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள். வெளி ஆளைத் தயாரிப்பாளராகத் திணித்ததா? இல்லை. இரண்டு ஆல்பத்தையும் மோல்டும் ஹார்ட்டும்தான் தயாரித்தார்கள். என்ன பாட வேண்டும் என்று சொன்னதா? அதுவும் இல்லை. ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கியிருந்தார்கள்.

நீங்கள் கொண்டாடும் சின்ன லேபிளின் லட்சணத்தையும் பார்ப்போம். ஜென் ஆர்கேட் முதலில் அச்சடித்தது ஐந்தாயிரத்துக்கும் உள்ளேதான். சீக்கிரமே தீர்ந்துபோனது. பத்திரிகைகளில் புகழ்ச்சி வருகிறது, குழு வேனில் ஊர் ஊராகப் போகிறது, கடையில் போய்க் கேட்டால் தட்டு இல்லை. அந்த எரிச்சல்தான் அவர்களை வார்னர் வாசலுக்குத் தள்ளியது.

பழையதட்டு:
தட்டுப்பாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் பெருகும்போதுதான் பங்காளிச் சண்டையும் பெருகும். எஸ்.எஸ்.டி காலத்தில் யார் எத்தனை பாட்டு எழுதினார் என்று எவன் எண்ணினான்? கம்பெனி வந்ததும் 'இதை சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வெளியிடு, அதை வெளியிடு' என்று ஆரம்பித்தது. கேண்டி ஆப்பிள் கிரேயிலிருந்து வந்த இரண்டு சிங்கிளும் ஹார்ட் பாட்டு. ஆல்பத்தில் பத்துக்கு ஆறு மோல்ட் எழுதியது. மோல்டுக்கு எப்படி இருந்திருக்கும்?

கேசட்_காலம்:
சிங்கிள் எஸ்.எஸ்.டியிலும் வந்ததே. ஃப்ளிப் யுவர் விக் சமயத்தில் வந்தது மோல்ட் பாட்டு. அப்போது ஹார்ட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்க மாட்டீர்களா?

எண்ணிக்கை பேசலாம் என்றால் பேசுவோம். நேற்று வேர்ஹவுஸ் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் பென்சிலால் 'மோ', 'ஹா' என்று எழுதிப் பார்த்தேன். மோ, ஹா, மோ, ஹா, மோ, ஹா, மோ, ஹா. முதல் எட்டும் பிசகாமல் இப்படித்தான். ஒன்பதும் பத்தும் மோ. மறுபடி ஹா. கடைசியில் கூட்டினால் மோல்ட் 11, ஹார்ட் 9. இது ஒரு குழு உட்கார்ந்து வரிசைப்படுத்திய ஆல்பம் மாதிரியா இருக்கிறது? அண்ணன் தம்பி பாகம் பிரித்த வயல் மாதிரி வரப்பு தெரிகிறது.

ஆல்பத்தில் பாதிக்கு மேல் ஹார்ட்டின் பாட்டுகள் இருக்கவே முடியாது என்று மோல்ட் சொன்னதாக ஹார்ட் பின்னாளில் புகார் சொல்லியிருக்கிறார். அது ஒரு தரப்புச் சொல், அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பென்சில் குறி இரண்டு தரப்புக்கும் பொது.

மூணாவது_ஆள்:
எல்லாரும் மோ, ஹா என்கிறீர்கள். 'நா' எங்கே? முறுக்கு மீசை வைத்துக்கொண்டு மேடையில் எகிறிக் குதித்த நார்ட்டனை ஒருத்தரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் அவரும் பாட்டு எழுதியிருக்கிறார். பிறகு அந்த இரண்டு பேர் வேகத்தில் இவருக்கு இடமே இல்லாமல் போனது. மூன்று பேர் இருக்கிற வேனில் இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டால் மூன்றாமவர் தபால்காரர்தான்.

குழு போனதும் மனிதர் சமையல்காரராகி உணவகம் நடத்தினார். மூவரில் புத்திசாலி யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குளிர்நாட்டான்:
நான் செயின்ட் பாலை ஒட்டிய மினியாபொலிஸில் மூன்று குளிர்காலம் ஓட்டியவன். ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்பின் கறுப்புச் சுவரில் வரிசையாக வெள்ளை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பாடகர் பிரின்ஸுக்குத் தங்க நட்சத்திரம். ஹூஸ்கர் டூவுக்கும் ஒன்று உண்டு. மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றிப் படம் எடுத்தேன், விரல் மரத்ததுதான் மிச்சம், படம் ஆடிப்போயிருந்தது. அந்தச் சுவரை ஒட்டிய சின்ன அறையில்தான் அந்த 17 பாட்டு ஆல்பத்தைப் பதிந்தார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 1987 பிப்ரவரி. வேர்ஹவுஸ் வெளிவந்து சில வாரங்கள்தான். சுற்றுப்பயணம் தொடங்கப்போகிற நேரத்தில் அவர்களுடைய மேனேஜர் தற்கொலை செய்துகொண்டார். சின்ன வயது. அதன் பிறகு புது மேனேஜர் இல்லாமல் அந்த வேலைகளையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அது கம்பெனி தவறா, அவர்கள் தவறா? எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. மோல்ட் 1986இல் குடியை விட்டவர். ஹார்ட் அதே காலத்தில் ஹெராயினில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தர் கரையேற, ஒருத்தர் மூழ்க. 1987 டிசம்பரில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் கடைசிக் கச்சேரி. ஹார்ட் ஹெராயினிலிருந்து விடுபட மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்தார், வழியில் அந்த மருந்துக் குப்பி ஒழுகிப்போனது. அன்று எப்படியோ வாசித்து முடித்தார். அடுத்த கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவ்வளவுதான் முடிவு. ஒப்பந்தத் தாளை அந்த வேனில் யார் தேடினார்கள்?

பழையதட்டு:
மேனேஜர் விஷயத்தை நான் எழுதாமல் விட்டது தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேளுங்கள். 1984 ஜூலையிலிருந்து 1987 ஜனவரி வரை இரண்டரை ஆண்டில் ஐந்து ஆல்பம், அதில் இரண்டு இரட்டைத் தட்டு. நடுவில் ஓயாத பயணம். அதுவரை உடம்பு தாங்கியது, ஏனென்றால் எல்லாம் தங்கள் கையில் இருந்தது. வார்னருக்குப் போன பிறகு அமெரிக்கப் பட்டியலில் முதல் நூறுக்குள்கூட வரவில்லை. எதிர்பார்ப்பு என்கிற சுமையை முதுகில் ஏற்றியது யார்? சின்ன லேபிள் கூட்டத்திலிருந்து பெரிய கம்பெனிக்கு முதலில் போனவர்களில் இவர்களும் உண்டு. வழி காட்ட முன்னால் ஆள் இல்லை. ஆர்.இ.எம் என்ற ராக் குழு 1988இல் அதே வார்னருக்குப் போய்ப் பிழைத்தது. இவர்கள் விழுந்த குழியைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்தார்கள் என்பேன்.

கேசட்_காலம்:
ஆர்.இ.எம் ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு பேர் பெயரையும் போட்டது. எழுதியவர் யார் என்று பென்சிலால் குறிக்கவே முடியாது. அது கம்பெனி கற்றுக்கொடுத்த பாடமா? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள் அண்ணே.

சுமையை ஏற்றியது வார்னர் என்கிறீர்களே, 1987 பயணத்தில் வேர்ஹவுஸின் 20 பாட்டையும் அதே வரிசையில் மேடையில் வாசித்தார்கள். பழைய பாட்டுக்காக வந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எந்தக் கம்பெனி அப்படி வாசிக்கச் சொல்லும்? வரிசையை மாற்றினால் யார் பாட்டு முன்னால் வருவது என்று மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டும்.

நிலா_83:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சின்ன லேபிள் நல்லது, பெரிய கம்பெனி கெட்டது என்று பேசுகிறவர்கள் 2017இல் வந்த பாக்ஸ் செட்டைப் பாருங்கள். நூமெரோ குரூப் ஆரம்பகாலப் பதிவுகளையெல்லாம் தேடித் துடைத்து அருமையாக வெளியிட்டது. ஆனால் ஜென் ஆர்கேட் அதில் கிடையாது. எஸ்.எஸ்.டியில் வந்த எந்த ஆல்பமும் கிடையாது, ஏனென்றால் அந்தப் பதிவுகளின் உரிமை எஸ்.எஸ்.டியிடம் இருந்தது. உயிரைக் கொடுத்து உருவாக்கியதை அவர்களாலேயே தொட முடியவில்லை.

அந்த செட் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பரில், ஹார்ட் போய்விட்டார். 56 வயது.

பழையதட்டு:
அது வலிக்கிற இடம். எஸ்.எஸ்.டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் வாதம் 1986 பற்றியது மட்டும்.

சரி, ஒலியையாவது ஒப்புக்கொள்வீர்களா? கேண்டி ஆப்பிள் கிரேயில் டிரம்ஸ் தகர டப்பா மாதிரி. வெறுங்காலோடு உட்கார்ந்து அடிப்பாரே, அந்த ஹார்ட்டை அந்தத் தட்டில் எனக்குக் கேட்கவில்லை.

கேசட்_காலம்:
நியூ டே ரைசிங்கில் மட்டும் கேட்டதா? அங்கே மோல்டின் கிட்டார் இரைச்சலுக்குள் எல்லாமே முங்கிக் கிடக்கிறது. எனக்கு அது பிடிக்கும், அது வேறு. சின்ன லேபிள் இரைச்சல் 'தைரியம்', பெரிய கம்பெனி இரைச்சல் 'தகரம்' என்றால் எப்படி?

மூணாவது_ஆள்:
பிரிந்த பிறகு மோல்டும் ஹார்ட்டும் சேர்ந்து வாசித்ததே இல்லையா?

குளிர்நாட்டான்:
உண்டு, 2004இல். அதே ஊர்க்காரர்களான சோல் அசைலம் குழுவின் கார்ல் மியூலருக்குத் தொண்டைப் புற்றுநோய். அவருக்காக நடந்த நிதிக் கச்சேரியில் இரண்டு பேரும் மேடை ஏறினார்கள். இரண்டே பாட்டு. ஒன்று மோல்ட் எழுதியது. இன்னொன்று ஜென் ஆர்கேடில் ஹார்ட் எழுதிய 'இனி உன்னோடு பேசவே மாட்டேன்'.

கேசட்_காலம்:
ஒன்றுக்கு ஒன்று. பென்சிலை எடுங்கள்.

மூணாவது_ஆள்:
நார்ட்டன்?

குளிர்நாட்டான்:
மேடையில் இல்லை.