கிம்லி கிளைடர்: கேப்டனைக் கொண்டாடலாமா?

கோவை பாலா: 1983 ஜூலை 23, ஏர் கனடா 143. மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போன போயிங் 767. 41,000 அடியில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. கேப்டன் பாப் பியர்சன் அதை இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் போல மிதக்கவிட்டு, கனடாவின் கிம்லி ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அந்தத் திறமைக்கு வணக்கம். ஆனால் எரிபொருள் மீட்டர் வேலை செய்யாத விமானத்தைக் கிளப்பியதும் அவர்தானே? விதிப்படி அது பறந்திருக்கவே கூடாது.

மீனாட்சி: பாலா சார், மீட்டர் இல்லாததால்தான் டேங்கின் அளவுக் குச்சியைப் பார்த்து அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77-ஆல், அது பவுண்டுக்கான எண்; வந்த பவுண்டைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர்தான் ஊற்றினார்கள். அந்த நிறுவனத்தில் கிலோவில் கணக்குப் பார்க்கும் முதல் விமானமே 767-தான். பழைய விமானங்களில் இந்தக் கணக்கைப் பார்த்த ஃப்ளைட் இன்ஜினியர் இதில் கிடையாது. அவர் வேலையை யார் பார்ப்பது என்று யாருமே தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. இதில் பியர்சனை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமா?

கோவை பாலா: ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்களே? அங்கேயும் அதே 1.77. கேப்டன் "இது என்ன எண்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டேங்கர் செல்வம்: பதினொரு வருஷம் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பினேன். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்போம். அப்புறம் அடர்த்திமானியை மிதக்கவிட்டு அடர்த்தி குறிப்போம்; லிட்டரைக் கிலோவாக்க அதுதான் வேண்டும். சீட்டில் எண் மட்டும் இருந்து, பக்கத்தில் கிலோவா பவுண்டா என்று எழுதாமல் விட்டால் அடுத்த ஆள் தனக்குப் பழகியதாகத்தான் எடுத்துக்கொள்வார். தங்கச்சி சொல்வது சரி. அந்த எண்ணைப் பல வருஷமாகப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

கோவை பாலா: அண்ணா, பழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கையெழுத்து கேப்டனுடையது. நிறுவனம் அவரைப் பதவி இறக்கியது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீனாட்சி: விசாரணை நடத்திய நீதிபதி லாக்வுட் நிறுவனத்தின் குறைகளைத்தான் பெரிதாகச் சொன்னார், சார். பியர்சன் கிளைடர் ஓட்டத் தெரிந்தவர்; துணை விமானி குவின்டல் கிம்லியில் வேலை பார்த்தவர். அன்றைக்கு அந்த இருக்கையில் வேறு யாராவது இருந்திருந்தால், இந்தக் கணக்குப் பிழைக்கு 69 உயிர் போயிருக்கும்.