'டு' எங்கே போனது? (ஞாயிறு புதிர், 5 குறுக்காக)

புள்ளிக்கோலம்:
ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துப் புதிரில் 5 குறுக்காக: "தேசமும் வீடும் சேர்ந்தால் மேடையேறும் (4)". விடை நாடகமாம். தேசம் என்றால் நாடு, வீடு என்றால் அகம், மேடையேறுவது நாடகம். ஆனால் நாடு இரண்டு எழுத்து, அகம் மூன்று எழுத்து, கூட்டினால் ஐந்து. கட்டம் நாலு. 'டு'வில் இருந்த உகரத்தையும், 'அகம்' தொடங்கும் அகரத்தையும் என்ன செய்தீர்கள் என்று குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அரை மணி நேரம் போனது. இது நியாயமா?

கட்டக்காரன்:
புதிரைப் போட்டவன் நான்தான். 'சேர்ந்தால்' என்று போட்டிருக்கிறேனே, போதாதா? தமிழில் இரண்டு சொல் சேர்ந்தால் புணர்ச்சி நடக்கும். அடுத்து உயிரெழுத்து வந்தால், முன்சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், அதாவது குற்றியலுகரம், ஓடிவிடும். ஆறாம் வகுப்புப் பாடம்.

பென்சில்முனை:
நான் புதியவன். ஆங்கிலக் குறிப்புப் புதிர்களில் (cryptic crosswords) இந்தச் சண்டையைப் பார்த்ததில்லையே?

புள்ளிக்கோலம்:
அங்கே வராது தம்பி. அவர்களுக்கு 26 எழுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் வைத்தால் அப்படியே இருக்கும். நமக்கு 247. கட்டத்துக்குள் உட்காரும் 216 உயிர்மெய்யில் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஒலி. அதைப் பிரித்துக் கைவைக்க ஆரம்பித்தால் எல்லை எங்கே?

எழுத்துக்குள் கைவைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "கல் நீண்டால் நடக்கலாம் (2)" என்றால் கால். குறில் நெடிலானது, அதை 'நீண்டால்' சொல்லிவிட்டது. தமிழுக்கே உரிய அழகான வித்தை. சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

இங்கிலாந்தில் 'அப்சர்வர்' பத்திரிகைக்கு 1939இலிருந்து 1971 வரை புதிர் போட்ட சிமெனீஸ் பிடிவாதமாக நின்றது இந்த இடத்தில்தான். விடைக்கு ஒரு நேர்பொருள், அதைத் துண்டு துண்டாகக் கட்ட ஒரு சொல்விளையாட்டு, இரண்டுக்கும் உதவாத எதுவும் குறிப்பில் இருக்கக்கூடாது. எந்த எழுத்தும் கணக்கில்லாமல் காணாமல் போகக்கூடாது. 1966இல் புத்தகமே எழுதினார். (அந்தப் புனைபெயர் ஸ்பெயினில் மத விசாரணை மன்றத்துக்குத் தலைமை வகித்த ஒருவருடையது. புதிர் போடுகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.)

தமிழாசிரியர் (ஓய்வு):
இருவருக்கும் வணக்கம். எனக்கு வேறு சங்கடம். நெடிலை அடுத்து வரும் குற்றியலுகரத்தில், அதாவது நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில், 'டு', 'று' வந்தால் ஒற்று (மெய்) இரட்டும். வீட்டுவாசல், ஆற்றுமணல் போல. நாடு + அகம் நாட்டகம் அல்லவா ஆக வேண்டும்?

கட்டக்காரன்:
ஐயா, அது 'இதனுடைய இது' என்பது போன்ற வேற்றுமை உறவில். நாட்டினது அகம் என்று நான் சொல்லவில்லை. "தேசமும் வீடும்" என்று 'உம்' என்ற உம்மை வெளிப்படையாக நிற்கிறது. வேற்றுமை இல்லாத சேர்க்கை, அதாவது அல்வழி. இரட்டாது.

தமிழாசிரியர் (ஓய்வு):
ஒப்புக்கொள்கிறேன். உம்மையை நான் கவனிக்கவில்லை. நன்று.

புள்ளிக்கோலம்:
ஐயா, நீங்களே கவனிக்கவில்லை என்றால் மற்றவர்கள்?

கட்டக்காரன்:
அம்மா, சிமெனீசுக்கு முன்னால் நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலின் சொல்லணிப் பகுதியில் 'வினாவுத்தரம்' என்று ஒரு சித்திரகவி, அதாவது சொல்லை வைத்து வித்தை காட்டும் பாட்டு, இருக்கிறது. எடுத்துக்காட்டுப் பாட்டில் வரிசையாகக் கேள்விகள்: பூமகள் யார்? போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? போர்ச் சரத்துக்கு என்ன பெயர்? அழகுக்கு என்ன பெயர்? பிறைசூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம். எல்லாம் சேர்ந்தால் திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில். துண்டுகள், கடைசியில் நேர்பொருள். இன்று நாம் போடுகிற அதே குறிப்பு!

இப்போது எண்ணிப் பாருங்கள். திரு + ஏகு, நடுவில் இரண்டு உயிரையும் ஒட்டவைக்க 'வ்' என்ற உடம்படுமெய் நுழைகிறது. ஏகு + அம்பு, உகரம் போகிறது. அம்பு + அம், மறுபடி போகிறது. யாரும் 'கு எங்கே' என்று கேட்கவில்லை.

பென்சில்முனை:
இதைப் படித்து உண்மையிலேயே மலைத்துவிட்டேன்.

புள்ளிக்கோலம்:
நானும்தான். நல்ல அடி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அந்தப் பாட்டின் கடைசியில் 'திருவேகம்பம்' என்று விடையே இருக்கிறது. அது புலவர் தன் திறமையைக் காட்டும் இடம். கேட்பவர் கட்டத்தை நிரப்பிவிட்டு மறுநாள் விடைக்குக் காத்திருக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் அதே புதிரில் 12 குறுக்காக: "மலரும் தங்கக்கட்டியும் சேர்ந்தால் விடியற்காலை ராகம் (4)". பூ + பாளம், பூபாளம். அதே 'சேர்ந்தால்'. இங்கே மட்டும் புணர்ச்சி எங்கே? பூப்பாளம் என்று ஏன் மிகவில்லை?

கட்டக்காரன்:
'உம்' மறைந்து நிற்கும் உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. வெற்றிலை பாக்கு என்கிறோம், வெற்றிலைப்பாக்கு என்பதில்லை.

புள்ளிக்கோலம்:
ஆக, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புமுன் இது எந்தத் தொகை என்று தேர்வு எழுத வேண்டும்! இலக்கணத்தில் நீங்கள் தோற்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடை தெரிந்த பிறகுதான் உங்கள் விதி தெரிகிறது. நான் போட்டிருந்தால்: "நாவை அடுத்துக் கடம் உருண்டால் மேடையேறும் (4)". நா, அப்புறம் கடம் கலைந்து டகம். எழுத்து ஒன்றும் தொலையவில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு):
அம்மா, இது சுத்தம். ஆனாலும் நாடும் அகமும் சேர்ந்து நாடகம் ஆவதில் இருக்கிற ருசி உருளும் கடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டக்காரன்:
ஐயாவுக்கு நன்றி. சரி, பாதி வழி இறங்கி வருகிறேன். எழுத்து மாறாமல் ஒட்டினால் 'அடுத்து', 'பக்கத்தில்'. எழுத்து மாறுகிற இடத்தில் 'புணர்ந்தால்' என்றே போட்டுவிடுகிறேன். "தேசமும் வீடும் புணர்ந்தால் மேடையேறும்". சரியா?

புள்ளிக்கோலம்:
ஐயோ, வேண்டாம் சார். என் மாமியாரும் இந்தப் புதிரை நிரப்புகிறார்.

கட்டக்காரன்:
"தேசமும் வீடும் சந்தித்தால் மேடையேறும் (4)". சந்தி அதிலேயே இருக்கிறது.

புள்ளிக்கோலம்:
இதை ஞாயிற்றுக்கிழமையே போட்டிருக்கலாமே! சரி, 7 நெடுக்காக எப்படி வந்தது என்று யாராவது சொல்லுங்கள். விடை தெரிகிறது, வழி தெரியவில்லை.