தாளில் எழுதிவைத்தது எஸ்டிபி, அழிந்தது வேறு தட்டு

லினக்ஸ் கணினியோடு யுஎஸ்பியில் இணைத்த இரட்டை டாக்கில் (தட்டுகளைச் செருகும் பெட்டி) இரண்டு வன்தட்டுகள். இரண்டும் 2 டெராபைட், ஒரே மாடல். இடப்பக்கம் இருந்ததில் குடும்பப் படங்கள், வலப்பக்கம் இருந்தது அழிக்க வேண்டிய பழைய தட்டு. மாலையில் பார்த்தபோது அழிக்க வேண்டிய தட்டுக்கு லினக்ஸ் வைத்திருந்த பெயர் எஸ்டிபி (sdb). அதைத் தாளில் குறித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். இரவு கணினியை மறுபடி இயக்கி, தாளைப் பார்த்து, தட்டின் மேல் நேரடியாக எழுதும் டிடி (dd) கட்டளையை எஸ்டிபி மீது ஓட்டினேன். விடாமல் மின்னியது இடப்பக்க விளக்கு. எனக்கு உடல் சில்லிட்டுவிட்டது.

நிறுத்துவதற்குள் பத்து வினாடி போய்விட்டது. தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் ஜிபிடி பகிர்வு அட்டவணைக்குத் தட்டின் கடைசியில் ஒரு நகல் உண்டு. அது பிழைத்திருந்தது. தொடக்கத்தில் இருந்த சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரப் பதிவு) நகல்கள் அழிந்துவிட்டதால், 819200ஆம் பிளாக்கில் இருந்த நகலைக் காட்டி கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகேயை (e2fsck) ஓட்டினேன். பெரும்பாலான படங்கள் வெறும் எண்களையே பெயராகத் தாங்கி மீட்புக் கோப்புறையில் வந்து விழுந்தன. ஒரு பகுதி வரவே இல்லை. அந்த இழப்பு இன்னும் மனதை அறுக்கிறது.

பழைய ஐடிஇ கேபிள்களின் காலத்தில் எச்டிஏ (hda) என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், அதாவது அதன் முதன்மைத் தட்டு. இடம் மாறாதவரை பெயரும் மாறாது. எஸ்டிஏ, எஸ்டிபி அப்படியல்ல. லினக்ஸின் மையமான கெர்னல் எந்தத் தட்டை முதலில் கண்டறிகிறதோ அதற்கு முதல் எழுத்து. யுஎஸ்பியில் எந்தத் தட்டு முந்திக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. இப்போது தட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் சீரியல் எண்ணைக் கேட்டு, தட்டின் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கை வைக்கிறேன்.

மறுமொழி 1

படிக்கும்போதே பதறுகிறது, நண்பரே. ஒன்றைக் கவனியுங்கள்: சில டாக்குகள் தட்டின் சீரியல் எண்ணை மறைத்துத் தங்கள் எண்ணையே காட்டும். அழிக்கும் வேலை என்றால் அந்த ஒரு தட்டை மட்டும் செருகிச் செய்யுங்கள்.

எனக்கு நேர்ந்தது, துவங்கும்போது எந்தத் தட்டுகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில். ஒரு தட்டின் முதல் பகிர்வை எஸ்டிபி1 என்று எழுதியிருந்தேன். புதிய தட்டு ஒன்றைச் சேர்த்ததும் பழையது எஸ்டிசி1 ஆகிவிட்டது. 90 வினாடி காத்திருந்து அவசர நிலைக்குப் போய் நின்றது சர்வர். பிஎல்கேஐடி (blkid) கட்டளை கொடுத்த யூயூஐடியை (கோப்பு முறைமையின் அடையாள எண்) எழுதி, கட்டாயமில்லாத தட்டுகளுக்கு, அவை இல்லாவிட்டாலும் துவங்கச் சொல்லும் நோஃபெயில் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி 2

கணினியைத் துவக்கும் பயாஸில் துவக்க வரிசையை மாற்றி ஒரு தட்டை முதலில் வைத்தால் அந்தத் தட்டு எஸ்டிஏ ஆகிவிடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆகாது. எதிலிருந்து துவங்குவது என்பதை மட்டுமே அந்த வரிசை தீர்மானிக்கிறது. கெர்னல் பெயர் வைக்கும்போது அதைப் பார்ப்பதில்லை. லினக்ஸைத் துவக்கிவிடும் கிரப் நிரல் சொல்லும் எச்டி0 பயாஸ் காட்டும் வரிசையைச் சேர்ந்தது. அதுதான் எஸ்டிஏ என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

யூயூஐடியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய தட்டை டிடியால் புதியதற்கு நகலெடுத்து, இரண்டையும் கழற்றாமல் துவக்கினேன். இரண்டு தட்டுகளுக்கும் ஒரே யூயூஐடி! புதியதில் வேலை செய்வதாக நினைத்து மூன்று நாள் பழையதிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். எல்எஸ்பிஎல்கேயில், பயன்பாட்டில் இருந்த தட்டின் அளவு சிறியதாகத் தெரிந்தபோதுதான் புரிந்தது. மூன்று நாள் எழுதியதைப் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதன் யூயூஐடியை டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை மூலம் மாற்றினேன்.