ட்வின் டவர்ஸ் ஜெயில் வாசலில் நின்றவர்கள் யாராவது உண்டா?

பசடேனாக்காரன்

லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பவர்களுக்கு வர்ணனை தேவையில்லை. யூனியன் ஸ்டேஷனுக்கும் சைனாடவுனுக்கும் நடுவில் நிற்கிறதே, அதேதான். ரூம்மேட்டை அழைத்துவரப் போனேன். என்ன கேஸ் என்பதை விடுங்கள். மதியமே கோர்ட்டில் விடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கோர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வர முடியாதே. பஸ்ஸில் ஜெயிலுக்குக் கொண்டுபோய், வேறு வாரன்ட் இருக்கிறதா என்று பார்த்து, சொந்தத் துணியைக் கொடுத்து, அப்புறம்தான் அனுப்புவார்கள். ராத்திரி ஆகிவிடும் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

அவனுக்கு முன்னால் இன்னொருவர் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். போன் தர முடியுமா என்று கேட்டுவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே பேனாவில் எழுதிய நம்பர், 323 என்று ஆரம்பம். பிடிபட்ட அன்றே எழுதிக்கொண்டாராம். கடைசி இலக்கம் குளித்ததில் கரைந்துபோயிருந்தது. இரண்டு பேரும் விளக்குக்கு அடியில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான் 1 என்றேன், அவர் 7 என்றார். 7 போட்டால் ஏதோ பல் டாக்டர் கிளினிக்கின் ரெக்கார்டிங். 1 போட்டால் தூக்கத்தில் இருந்த யாரோ ஸ்பானிஷில் திட்டிவிட்டு வைத்துவிட்டார். "மகளோட நம்பர், புதுசு" என்று மட்டும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

ரூம்மேட் காரில் என்ன பேசினான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கை மட்டும் அப்படியே நிற்கிறது.

செரிட்டோஸ் மாமா

தம்பி, நல்ல மனசு, ஆனால் அந்த வாசலில் முகம் தெரியாதவனிடம் போனைக் கொடுக்காதே. உள்ளே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியாது. நானும் அங்கே போயிருக்கிறேன், ஆபீஸ் பையன் ஒருவனைப் பார்க்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "மாமா, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். சரி, அது போகட்டும்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். கலிபோர்னியா சட்டப்படி, கைதான 3 மணி நேரத்துக்குள் 3 போன் செய்ய உரிமை உண்டு. அதற்கு மனைவி நம்பராவது மனப்பாடமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது? ஜெயில் போனில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, எல்லாம் பதிவாகும். ஜெயிலை நடத்தும் ஷெரிப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் ஆள் எந்தக் கட்டடத்தில் என்று வரும், புக்கிங் நம்பரை, அதாவது கைதானவருக்குக் கொடுக்கும் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் விடுமுறையும் போக 48 மணி நேரத்துக்குள் ஜட்ஜ் முன்னால் நிறுத்தியாக வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது. அதன் விளைவை எடுத்துச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று சுப்ரீம் கோர்ட் 2010இலேயே சொல்லிவிட்டது. இந்தியக் குடிமக்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி நாமாகக் கேட்க வேண்டும், கேட்காமல் அவர்களாகத் தூதரகத்துக்குச் சொல்ல மாட்டார்கள். முக்கியமாக, யோசிக்காமல் பெயில் ஏஜென்ட்டிடம் (கட்டணம் வாங்கிக்கொண்டு பெயிலுக்குப் பொறுப்பேற்கும் தனியார்) பெயில் தொகையில் 10 சதவீதம் கட்டி ஆளை உடனே வெளியே எடுங்கள்.

டௌனி பாலா

மாமா, மற்றதெல்லாம் சரி. அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் சின்னக் குற்றச்சாட்டுகள் பலவற்றுக்குப் பணமே கட்ட வேண்டாம், கோர்ட்டுக்கு வரும் தேதியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதலில் அதை விசாரிக்க வேண்டும், அப்புறம்தான் ஏஜென்ட்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது, அதுவும் அந்த மாற்றம் வருவதற்கு முன்னால். அண்ணனுக்கு 20,000 டாலர் பெயில். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஏஜென்ட் கடையில் நானும் அண்ணியும். 2,000 கட்டினோம். அது போதாது, ஈடு வேண்டும் என்றான். அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் மேஜை டிராயரிலிருந்து ஒரு குட்டித் தராசை எடுத்தான்! நம்ம ஊர் அடகுக் கடை மாதிரியே, முள் நிற்கும் வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அண்ணன் மேல் வழக்கே பதிவாகவில்லை. வளையல் திரும்பி வந்தது. 2,000 வரவில்லை, வராது, அது அவர்கள் கட்டணம். நாமே முழுப் பணத்தையும் கோர்ட்டில் கட்டியிருந்தால் கேஸ் முடிந்ததும் திரும்பக் கிடைத்திருக்கும். அவ்வளவு பணம் கையில் இருந்தால் அந்தக் கடைக்கு ஏன் போகிறோம்?

ஆர்டீசியா அக்கா

கவுண்டி ஜெயிலில் நர்ஸாக இருந்தேன். மாமாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். "எப்படிப்பட்டவர்கள்" என்று கேட்டீர்களே, நிறையப் பேர் இன்னும் விசாரணையே முடியாதவர்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் மனநலச் சிகிச்சை தேவைப்படுபவர்கள், மஞ்சள் சட்டை போட்டிருப்பார்கள். நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனை என்று ட்வின் டவர்ஸைப் பத்திரிகைகள் சும்மா எழுதவில்லை.

கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாகத்தான் மாத்திரை கொடுப்போம். விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஒளித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க. ஒருத்தர் நான் சொல்வதற்கு முன்பே ஆவென்று திறந்துவிடுவார். அவரை விடுவித்த அன்று எதிரே வந்தேன். கையில் மாத்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. "ஆல் தி பெஸ்ட்" என்றேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்த டெபுடி, ஜெயில் காவலர், சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏ லைன் பயணி

நான் உள்ளேயும் போனதில்லை, வாசலிலும் நின்றதில்லை. யூனியன் ஸ்டேஷன் தாண்டி ரயில் மேலே ஏறும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தெரியும், கீற்று கீற்றாக அந்த ஜன்னல்கள். ஒரு நாள் கீழே ஒரு பெண் கைக்குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, கட்டடத்தைப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த மாடி, எந்தக் கீற்று என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே இருப்பவருக்குத் தெரிந்ததா என்பதும் தெரியவில்லை.

பக்கத்திலுள்ள பழைய மென்ஸ் சென்ட்ரல் ஜெயில் 1963இல் கட்டியது. மூடுவதாக 2021இல் கவுண்டி முடிவெடுத்ததே, எப்போது மூடுவார்களாம்?

செரிட்டோஸ் மாமா

ஆர்டீசியா அம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பாலா சொன்னதையும் பாதி ஒத்துக்கொள்கிறேன். கட்டட விவகாரம் நம் ஆயுளில் முடியாது. 1995இல் கட்டி முடித்த ட்வின் டவர்ஸே, நடத்தப் பணமில்லாமல் 1997 வரை பூட்டிக் கிடந்தது.

பசடேனா தம்பி, அடுத்த முறை காரை யூனியன் ஸ்டேஷனில் விட்டுவிட்டு நடந்து போ. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், சாப்பிட ஏதாவது வைத்துக்கொள். போன் சார்ஜரும்.